கிரேக்கக் கோயில் சிற்பங்கள்: கல் வெட்டும் குழியிலிருந்து கூரை முகப்பு வரை

பண்டைய கிரேக்கக் கோயில்களின் சிற்பங்களை இன்று நாம் அருங்காட்சியகக் கூடங்களில், கண்மட்டத்தில், ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் நிலையில் காண்கிறோம். அப்படிக் காணும்போது ஒரு முக்கியமான உண்மை மறைந்துவிடுகிறது. இச்சிற்பங்களில் ஒரு பகுதி கட்டடத்தின் பாரத்தைத் தாங்கியது. ஒரு பகுதி இரண்டு கற்களுக்கு நடுவே செருகப்பட்டது. எஞ்சியது தரையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல், குறுகிய விளிம்பு ஒன்றில் நிறுத்தப்பட்டது. எந்தச் சிற்பத்தை எப்போது செதுக்குவது, எவ்வளவு ஆழம் செதுக்குவது, எந்தப் பக்கத்தை முடிக்காமல் விடலாம் என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் அது சென்று அமரப்போகும் இடமே முடிவுசெய்தது. இந்த வழிகாட்டி அந்த வேலை நடந்த வரிசையிலேயே செல்கிறது. ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் கி.மு. 447 முதல் 432 வரை எழுப்பப்பட்ட பார்த்தினன் கோயிலே முதன்மை எடுத்துக்காட்டு. வேறு கோயில்களில் சான்று தெளிவாக உள்ள இடங்களில் ஒலிம்பியா, எபிடாரஸ், ஈஜினா ஆகிய ஊர்களுக்கும் செல்வோம்.

சிற்பத்துக்குரிய இடங்கள்

டோரிக் பாணிக் கோயிலில் தூண்களின் மேல் நீண்ட உத்தரக்கற்கள் அமைகின்றன. அவற்றின் மேல் மூன்று பட்டைகளாக வெட்டிய டிரைகிளிஃப் என்னும் கற்களும், அவற்றுக்கு இடையே ஏறத்தாழச் சதுரமான மெட்டோப் பலகைகளும் மாறி மாறி வருகின்றன. மெட்டோப் பலகையில் புடைப்புச் சிற்பம் செதுக்கலாம். அதற்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கல். இரு குறுகிய பக்கங்களிலும் அந்த விளிம்புக்கும் சரிந்த கூரைக்கும் நடுவே முக்கோண முகப்பு. அதில் முழு உருவச் சிலைகள் நிற்கும். கூரையின் உச்சியிலும் மூலைகளிலும் அக்ரோடீரியா எனப்படும் உச்சிச் சிற்பங்கள் அமையும். அயோனிக் பாணியில் மெட்டோப்புக்குப் பதிலாக இடைவெளியில்லாத சிற்பப்பட்டை ஓடும்.

பார்த்தினன் இவை அனைத்தையும் ஒரே கட்டடத்தில் கொண்டது. நீண்ட பக்கம் ஒவ்வொன்றிலும் 32, குறுகிய பக்கம் ஒவ்வொன்றிலும் 14 என மொத்தம் 92 மெட்டோப்புகள். கருவறைச் சுவரின் மேல் ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட சிற்பப்பட்டை. இரு முகப்புகளிலும் சேர்த்து ஏறக்குறைய 50 உருவங்கள். டோரிக் கோயிலொன்றில் 92 மெட்டோப்புகளிலும் சிற்பம் செதுக்குவது அக்காலத்திலேயே பெருஞ்செலவு. ஒலிம்பியாவில் கடவுளர் தலைவன் சியூஸுக்கு எழுப்பிய கோயிலில் 12 மெட்டோப்புகளே சிற்பம் பெற்றன. அவையும் வெளித்தூண் வரிசையில் இல்லாமல், உள்ளே முன்மண்டபம், பின்மண்டபம் ஆகியவற்றின் மேல் பக்கத்துக்கு ஆறாக வைக்கப்பட்டன.

முதற்படி: ஒப்பந்தமும் கூலியும்

வேலை உளியில் தொடங்கவில்லை, பணத்தில் தொடங்கியது. கோயில் கட்டுவது நகர அரசின் பொதுப்பணி என்பதால், செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி மக்கள் பார்வையில் நிறுத்தினர். நமக்கு வாய்த்த சான்றுகளில் இவற்றையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

பார்த்தினன் கணக்கில், கி.மு. 434/433 ஆண்டுக்கு, முகப்புச் சிற்பிகளின் கூலியாக 16,392 டிராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) எழுதப்பட்டுள்ளது. தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி அக்காலத்தில் ஏறத்தாழ 1 டிராக்மா என்பதை நினைவில் வைத்தால் இத்தொகையின் அளவு புரியும். எபிடாரஸ் நகரில் மருத்துவத் தெய்வம் அஸ்கிளீப்பியோஸின் கோயிலில் (கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கப்பகுதி) ஒரு முகப்பின் சிற்பத் தொகுதிக்கு 3,010 டிராக்மா, ஒரு முகப்பின் உச்சிச் சிற்பங்களுக்குத் திமோத்தியோஸ் என்ற சிற்பி பெற்றது 2,240 டிராக்மா. அங்கே ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு மற்றவர்கள் பிணை நின்றனர். அந்தப் பிணையாளர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன.

அதே அக்ரோபோலிஸ் குன்றில் உள்ள எரெக்தியோன் கோயிலின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. கி.மு. 408-ஐ ஒட்டிய அக்கணக்கில் சிற்பப்பட்டையின் உருவங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. மார்புக் கவசத்தின் அருகே நிற்கும் இளைஞன் உருவத்துக்குக் கெஃபிசியாவைச் சேர்ந்த ஃபைரோமக்கோஸ் 60 டிராக்மா பெற்றார். குதிரையையும் அதன் பின்னால் தெரியும் மனிதனையும் செதுக்கிய பிராக்சியாஸ் 120 பெற்றார். தேரும் இளைஞனும் பூட்டப்படும் இரு குதிரைகளும் சேர்ந்த தொகுதிக்கு அந்திஃபனேஸ் 240 பெற்றார். கணக்கு எளிது: ஓர் உருவத்துக்கு 60 என்பதே அளவு, மனிதன் ஆனாலும் குதிரை ஆனாலும் தேர் ஆனாலும் விலை ஒன்று. கலையின் வரலாற்றில் மேதைகளைத் தேடிப் பழகியவர்களுக்கு இந்த உருப்படிக் கூலி சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பணி பல கைகளுக்குப் பகிரப்பட்டதையும், உருவமே அளவீட்டு அலகாக இருந்ததையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடையாது.

பார்த்தினனின் தெற்கு மெட்டோப்புகளைப் பார்த்தாலே இந்தப் பகிர்வு விளங்கும். பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டார்களும் லாப்பித்தியர் என்னும் தொன்மக் குடியினரும் பொருதும் காட்சிகளில் சில விறைத்த உடல்களும் முகமூடி போன்ற முகங்களும் கொண்டவை; பக்கத்திலுள்ள வேறு சில, மேலாடை பின்னால் விரிய உடல் வளைந்து இழுபடும் உயிர்ப்புடன் உள்ளன. புகழ்பெற்ற சிற்பி ஃபிடியாஸ் பணியின் மேற்பார்வையாளராக இருந்தார் என்பதால் ஒவ்வொரு கல்லிலும் அவர் உளி பட்டது என்று கொள்வதற்கில்லை. அதே ஆண்டுகளில் பொன்னாலும் தந்தத்தாலும் ஆன, நகரின் காவல் தெய்வம் அத்தீனாவின் பெருஞ்சிலையை அவர் செய்துகொண்டிருந்தார், அது கி.மு. 438-இல் கோயிலுக்குள் நிறுவப்பட்டது.

இரண்டாம் படி: மாதிரி

பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பொதுவான மாதிரி வேண்டும். எரெக்தியோன் கணக்கில், மேற்கூரைக் கட்டங்களில் வரும் மலர் அலங்காரத்துக்கு மெழுகில் மாதிரி செய்தவருக்கு 8 டிராக்மா கொடுத்த குறிப்பு உள்ளது. ஒரு சிறு மலருக்கே மெழுகு மாதிரி செய்யப்பட்டிருக்கும்போது, 28 மீட்டர் அகலமுள்ள முகப்பில் இருபதுக்கும் மேற்பட்ட உருவங்களை அடுக்க எவ்வித முன்மாதிரியும் இல்லாமல் இறங்கியிருப்பார்கள் என நம்ப முடியாது. முகப்பில் சாய்கூரை இரு ஓரங்களிலும் தாழ்ந்துகொண்டே வருவதால், நடுவில் நிற்கும் உருவம், அடுத்து அமர்ந்தவை, பிறகு மண்டியிட்டவை, மூலையில் படுத்தவை என ஒவ்வோர் உருவத்தின் உயரமும் முன்னரே அளந்து முடிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கல்லைத் தேர்ந்து வெட்டுதல்

பார்த்தினனின் கல், ஏதென்ஸுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெண்டெலிகான் மலையின் வெண்பளிங்கு. நுண்ணிய மணிகள் கொண்ட இக்கல்லில் சிறிதளவு இரும்பு கலந்திருப்பதால் காலப்போக்கில் வெளிப்பரப்பு தேன்நிறம் ஏறுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு: காக்காப்பொன் இழைகள் ஓடும் மெல்லிய அடுக்குகள். அடுக்கின் போக்கை அறியாமல் கல்லை நிறுத்தினால் கையோ மூக்கோ அந்த வரியிலேயே பிளந்துபோகும். ஆகவே எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்பதைக் கல் வெட்டும் குழியிலேயே பார்த்து வைக்க வேண்டும். ஒலிம்பியாவின் சியூஸ் கோயில் உள்ளூர்ச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டு, மேலே வெண்சாந்து பூசப்பட்டது. சிற்பங்களுக்கு மட்டும் பரோஸ் தீவின் பளிங்கைக் கடல்வழி வரவழைத்தனர். அதில் மிகச் சிறந்த வகை நிலத்தடிச் சுரங்கங்களில் வெட்டப்பட்டது.

வெட்டும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் கல்லின் இயற்கை வெடிப்புகளைக் கவனித்து, எடுக்க வேண்டிய கட்டியைச் சுற்றிக் கூர்முனைக் குந்தாலியால் குறுகிய அகழி வெட்டுவார்கள். நாற்புறமும் தனித்து நிற்கும் அந்தக் கட்டியின் அடியில் வரிசையாகக் குழிகள் தோண்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக அடித்துக்கொண்டே வந்தால் அடிப்பாகம் பிளந்து கட்டி விடுபடும். பிறகு தேவையற்ற கல்லை அங்கேயே தட்டி எடுத்துவிடுவார்கள். பளிங்கின் எடை கன மீட்டருக்கு 2.7 டன், இரண்டு கன மீட்டர் கட்டியே ஐந்து டன்னைத் தாண்டும். குழியில் நீக்கிய ஒவ்வொரு சில்லும் வண்டியில் ஏறாத எடை.

ஆனால் முழுதாகச் செதுக்கியும் அனுப்ப மாட்டார்கள். வழியில் கல் மோதும், உரசும். ஆகையால் உருவத்தின் மேல் ஒரு காப்புத்தோல்போலக் கல்லை விட்டுவைப்பார்கள். நக்சோஸ் தீவின் அப்போலோனாஸ் என்னும் இடத்தில் கல் வெட்டிய குழியில் 10 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சிலை இன்றும் படுத்த நிலையில் கிடக்கிறது. தலையும் தாடியும் கைகளும் அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் வெட்டப்பட்டு, வெளியே எடுக்கப்படாமலே கைவிடப்பட்ட அந்தக் கல், குழியில் எந்த அளவு வரை வேலை நடக்கும் என்பதை நேரில் காட்டுகிறது.

நான்காம் படி: மலையிலிருந்து குன்றுக்கு

பெண்டெலிகானின் சரிவில், கல் பாவிய இறக்கப்பாதை ஒன்று இருந்தது. கட்டியை மரச்சறுக்கில் ஏற்றி, பாதையோரக் குழிகளில் நட்ட மரத்தூண்களில் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, மெதுவாகத் தளர்த்திக் கீழே இறக்கினர். அடிவாரத்தில் வண்டிகள் காத்திருந்தன. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலியூசிஸ் ஊரின் கோயிலுக்குத் தூண் துண்டுகள் கொண்டு சென்ற கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கணக்கில், ஒரு துண்டுக்கு முப்பது சோடிக்கு மேற்பட்ட காளைகள் பூட்டப்பட்டன. உழவு இல்லாத பருவத்தில்தான் இத்தனை மாடுகள் கிடைக்கும் என்பதையும், மழையில் நனைந்த மண்சாலை இந்தப் பாரத்தைத் தாங்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கல் வந்துசேரும் காலத்தைச் சிற்பி தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியாது என்பது தெரியும்.

ஐந்தாம் படி: செதுக்குதல்

குன்றின் மேல் வந்த கல்லைப் பட்டறையில் நிறுத்தியபின், கருவிகள் ஒரு வரிசையில் கைக்கு வரும். முதலில் கூர்முனை உளி. சம்மட்டியால் பெரிய சில்லுகளை எடுப்பது இதன் வேலை. உளியைப் பளிங்கின் மேல் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் அடியின் அதிர்ச்சி உள்ளே இறங்கிப் பளிங்கின் மணிகளை நசுக்கி, மெருகு ஏறாத வெண்புள்ளியை விட்டுவிடும். எனவே இறுதிப் பரப்பை நெருங்க நெருங்க உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அடுத்தது பல்லுளி. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பிகளின் கைக்கு வந்த இது, சீப்பின் தடம்போல இணைகோடுகளை விட்டுச் செல்லும். கூர்முனையுளி விட்ட மேடுபள்ளங்களைச் சமன்செய்து உருவத்தின் வளைவை வெளிக்கொணர்வது இதுவே. பிறகு தட்டை வாய் உளியும் வளைவாய் உளியும் வரும்; அதன்பின் அரம், இறுதியில் உரசல். நக்சோஸ் தீவில் கிடைத்த குருந்தக் கல்லின் தூளும் நுரைக்கல்லும் உரசப் பயன்பட்டன. இரும்பு உளிகள் பளிங்கில் விரைவில் மழுங்கும் என்பதால், பட்டறைக்குப் பக்கத்திலேயே கொல்லனின் உலை எரிய வேண்டியிருந்தது.

கயிற்றை இழுத்துச் சுழற்றும் துறப்பணத்துக்குத் தனியிடம் உண்டு. முதலில் வரிசையாகத் துளைகள் இட்டு, துளைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர்களை உளியால் உடைத்தால் ஆழமான பள்ளம் கிடைக்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், துறப்பணத்தைச் சாய்த்துப் பிடித்து நகர்த்திக்கொண்டே பள்ளம் இழுக்கும் முறையும் பரவியது. பார்த்தினன் கிழக்கு முகப்பில் சாய்ந்தும் அமர்ந்தும் இருக்கும் மூன்று தெய்வப் பெண்களின் ஆடை மடிப்புகள் துறப்பணம் இல்லாமல் சாத்தியமே இல்லை. உடலை ஒட்டிய மெல்லிய துணியும், கால்களுக்கு நடுவே நிழல் தேங்கும் ஆழ்ந்த மடிப்பும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. பத்து மீட்டருக்குக் கீழே நின்று பார்ப்பவனுக்கு உருவத்தைப் பிரித்துக் காட்டியது அந்த நிழலே.

முழு உருவத்துக்கும் புடைப்புக்கும் செதுக்கும் போக்கு வேறு. முழு உருவத்தைச் சுற்றிச்சுற்றி, எல்லாப் பக்கமும் அடுக்கடுக்காகக் குறைத்து வர வேண்டும். புடைப்பில் கல்லின் முன்முகத்தில் கோடு வரைந்து, முன்னிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும். முன்முகமே எல்லை, அதைத் தாண்டி எதுவும் வெளியே வர இயலாது. பார்த்தினன் சிற்பப்பட்டையில் குதிரை வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக நான்கைந்து அடுக்கில் செல்வதுபோலத் தெரிந்தாலும், எல்லாம் நடப்பது ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான்.

ஒரே கல்லில் முடியாதவற்றை ஒட்டினர். நீட்டிய கை, தனித்து நிற்கும் தலை போன்றவற்றைத் தனியே செதுக்கி, ஒன்றில் குழியும் மற்றதில் முளையும் வெட்டி, உலோக முளைகளாலும் ஈயத்தாலும் இணைத்தனர். ஒலிம்பியாவின் கிழக்கு முகப்பில் நான்கு குதிரைத் தேர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றிலும் பின்னால் உள்ள மூன்று குதிரைகள் ஒரே கல்லில் புடைப்பாகவும், முன்னே நிற்கும் நான்காவது குதிரை தனிக்கல்லிலும் செய்யப்பட்டன. பார்ப்பவருக்கு நான்கு குதிரைகள். தூக்குபவருக்கு அதைவிடக் குறைவான எடை.

ஆறாம் படி: தூக்குதல்

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், மண்மேடு கட்டிக் கல்லை இழுத்தேற்றும் பழைய முறைக்குப் பதிலாக மரத்தாலான பாரந்தூக்கிகள் கிரேக்கத்தில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. கப்பிகளும், கைப்பிடிகளால் சுற்றும் உருளையும், தாம்புக்கயிறும் அதன் உறுப்புகள். கல்லைப் பிடிக்க வழிகள் பல: பக்கங்களில் புடைப்பாக விட்டுவைத்த கல்முளைகளில் கயிற்றை மாட்டலாம், இருபுறமும் குழி வெட்டி இரும்புக் கொறடால் கவ்வலாம், மேற்பரப்பில் அடி அகன்ற குழி வெட்டி, அதில் விரிந்து இறுகும் இரும்புத் துண்டுகளைச் செருகலாம். நிறுவியபின் கல்முளைகளைச் செதுக்கி நீக்குவது முறை. பார்த்தினனுக்கு அடுத்து எழுந்த புரொபிலேயா நுழைவாயிலில் வேலை முடியாமல் நின்றதால் அந்த முளைகள் சுவரில் இன்றும் துருத்திக்கொண்டிருக்கின்றன.

கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புக் கொக்கிகள் பயன்பட்டன. பார்த்தினனில் அவற்றின் வடிவம் இரண்டு தலை கொண்ட டி எழுத்து. இரு கற்களிலும் அதே வடிவில் குழி வெட்டி, இரும்பை வைத்து, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். குழியில் ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். ஈயம் இரண்டு வேலை செய்தது: நிலநடுக்கத்தில் சற்று நெகிழ்ந்து கொடுத்தது, காற்றும் நீரும் இரும்பைத் தொடாமல் காத்தது. 1898 முதல் 1933 வரை அக்ரோபோலிஸில் நிகோலாஸ் பலனோஸ் நடத்திய சீரமைப்பில் ஈயக் காப்பு இல்லாமல் இரும்பு பதிக்கப்பட்டது. அது துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கும் பணியில்தான் பின்வந்த சீரமைப்பாளர்களின் காலம் பெரிதும் கழிந்தது.

ஏழாம் படி: மெட்டோப்பைச் செருகுதல்

டிரைகிளிஃப் கற்களின் பக்கவாட்டில் செங்குத்தான காடி வெட்டப்பட்டிருக்கும். பழைய மளிகைக் கடைகளில் நிலையின் காடியில் பலகைகளை வரிசையாகச் செருகி அடைப்பதைப் போல, மெட்டோப்பை மேலிருந்து கீழாக அக்காடியில் இறக்குவார்கள். அதன் மேல் விளிம்புக்கல்லை வைத்துவிட்டால் பலகையை வெளியே எடுக்க வழியில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, மெட்டோப் தரையிலேயே செதுக்கி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, 92 பலகைகளும் கூரைக்கு முன்பே ஆயத்தமாகியிருக்க வேண்டும்; சிலை நிறுவப்பட்ட கி.மு. 438-க்குள் கூரை அமைந்துவிட்டது என்பதால், பார்த்தினனின் சிற்பங்களில் மெட்டோப்புகளே மூத்தவை. தெற்குப் பக்கத்தில் தென்படும் தர வேறுபாட்டுக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. செருகப்பட்ட முறைக்கு வருந்தத்தக்க சான்று ஒன்றும் உண்டு: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிற்பங்களை லண்டனுக்குக் கொண்டு சென்ற பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் தெற்கு மெட்டோப்புகளைக் கழற்றியபோது, மேலிருந்த விளிம்புக்கற்களை உடைத்துத் தள்ளாமல் அவற்றை எடுக்க இயலவில்லை.

எட்டாம் படி: சிற்பப்பட்டை

சிற்பப்பட்டையின் கற்கள் சுவரின் உறுப்பு. அவை பலகைகள் அல்ல, பாரம் தாங்கும் தடித்த கட்டிகள். எல்ஜினின் ஆட்கள் எடையைக் குறைக்க அவற்றின் பின்பகுதியை அறுத்துத் தள்ளினர் என்பதே போதிய சான்று. மேற்குப் பக்கத்தில் உருவங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கல்லுக்குள்ளேயே அடங்குகின்றன; நீண்ட பக்கங்களிலோ குதிரையின் உடல் ஒரு கல்லிலும் பின்கால் அடுத்த கல்லிலுமாகக் காட்சி இணைப்பைத் தாண்டி ஓடுகிறது. இணைப்பைத் தாண்டும் கோடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்த, குறைந்தது இறுதி வேலையாவது கற்களை மேலே அமர்த்தியபின் சாரத்தில் நின்று செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பார்வையாளரின் நிலையும் கணக்கில் வந்தது. பட்டை இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில், வெளித்தூண்களுக்கு உட்பக்கம். தூண்களுக்கு நடுவே நின்று, கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க முடியும். வெளிச்சமும் நேரே விழாமல் பளிங்குத் தரையில் பட்டு எதிரொளித்தே வரும். அதனால் புடைப்பு கீழே குறைந்தும் மேலே மிகுந்தும் செதுக்கப்பட்டது. குதிரைகளின் குளம்புகள் பின்தளத்தை ஒட்டிக்கிடக்க, வீரர்களின் தலைகள் முன்னோக்கி வருகின்றன. கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் சற்று விந்தையாகத் தோன்றும் இந்தச் சாய்வு, கீழிருந்து பார்க்கும்போது சரியாகிவிடும்.

எரெக்தியோனில் வேறு வழி கையாளப்பட்டது. பின்தளம் எலியூசிஸ் ஊரின் கருநிறச் சுண்ணாம்புக்கல்; வெண்பளிங்கு உருவங்கள் தனித்தனியே செதுக்கப்பட்டு இரும்பு முளைகளால் அதில் பொருத்தப்பட்டன. ஓர் உருவத்துக்கு 60 டிராக்மா என்ற கணக்கு இதனால்தான் சாத்தியமானது.

ஒன்பதாம் படி: முக்கோண முகப்பு

மிகக் கடினமான கட்டம் இது. பார்த்தினன் முகப்பு நடுவில் ஏறத்தாழ 3.4 மீட்டர் உயரம் கொண்டது. ஆனால் சிலைகள் நிற்கும் தளத்தின் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தத் தளமோ, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கற்களின் மேற்பரப்பு. பல டன் எடையை அதன் முன்விளிம்பில் வைத்தால் கல் முறியும். நடுப்பகுதியின் பெரும்பாரச் சிலைகளுக்காகத் தளத்தில் நீண்ட காடிகள் வெட்டி இரும்புச் சட்டங்களைப் பதித்து, பாரத்தைப் பின்சுவரின் பக்கமாகத் தள்ளினர். அந்தக் காடிகள் தளத்தில் எஞ்சியுள்ளன. எந்த உருவம் எங்கே நின்றது என்பதைக் கண்டறிய உதவும் தடயங்களில் அவையும் அடங்கும்.

எடையைக் கையாள ஒலிம்பியாவில் வேறு தீர்வு கண்டனர். அங்கே பல சிலைகளின் முதுகுப்புறம் குடையப்பட்டோ முரடாக விடப்பட்டோ உள்ளது. பின்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை; குடைந்தால் எடை குறையும்; சுவரை ஒட்டி வைக்கவும் வசதி. ஈஜினா தீவின் அஃபாயா கோயிலில் (கி.மு. 500-ஐ ஒட்டிய பத்தாண்டுகள்) சிலைகள் அளவில் சிறியவை, அவற்றின் அடிப்பலகையைத் தளத்தில் வெட்டிய குழியில் இறக்கி ஈயம் ஊற்றினர். அங்கே முதுகுகளும் முழுமையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்த்தினனிலும் அப்படியே: சுவரை நோக்கி நின்று எவர் கண்ணிலும் படாத முதுகுகளில் ஆடை மடிப்புகள் ஓடுகின்றன. இதைத் தெய்வத்துக்கான காணிக்கை என்று விளக்குவது வழக்கம். செதுக்கும் முறையும் ஒரு காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உருவத்தைச் சுற்றிச்சுற்றி வேலை செய்யும் கை, மேலே ஏற்றும் வரை தரையில் நின்ற சிலையின் ஒரு பக்கத்தை மட்டும் மறந்துவிடாது.

மூலைகளைக் கவனியுங்கள். கிழக்கு முகப்பின் இடது ஓரத்தில் கதிரவன் ஹீலியோஸ் தேருடன் கடலிலிருந்து எழுகிறான். தலையும் தோள்களும் கைகளும் மட்டுமே தளத்துக்கு மேலே. வலது ஓரத்தில் நிலவுத் தெய்வம் செலீனியின் தேர் இறங்குகிறது. அதன் குதிரையின் தலை களைப்பால் தாழ்ந்து, கீழ்த்தாடை விளிம்புக்கல்லைத் தாண்டி வெளியே தொங்குமாறு வைக்கப்பட்டது. தாடையின் அடிப்பகுதியில் கல்லில் சரியாக அமர்வதற்கென வெட்டிய வெட்டு தெரிகிறது. இடம் போதாத முக்கோணத்தின் மூலையை அடிவானமாக மாற்றிய இந்த உத்தியைவிடச் சிறந்த ஒன்றைக் கிரேக்க முகப்புகளில் நான் கண்டதில்லை.

மேலே ஏற்றியதை இறக்குவதும் எளிதன்று. 1687-இல் வெனிஸ் படையின் குண்டு வீச்சில் பார்த்தினன் வெடித்துச் சிதறியபின், தளபதி மொரோசினி மேற்கு முகப்பின் குதிரைகளை எடுத்துச் செல்ல முயன்றார். தூக்குக் கருவிகள் அறுந்து, சிலைகள் தரையில் விழுந்து நொறுங்கின.

உச்சிச் சிற்பங்கள் கூரை வேலையின் முடிவில் ஏறின. ஒலிம்பியாவில் இதற்குப் போட்டியே நடந்தது. மெண்டியைச் சேர்ந்த பையோனியோஸ், தாம் செய்த வெற்றித் தெய்வச் சிலையின் பீடத்தில், கோயிலின் உச்சிச் சிற்பங்களுக்கான போட்டியிலும் தாமே வென்றதாக எழுதிவைத்துள்ளார்.

பத்தாம் படி: உலோகமும் வண்ணமும்

கல் வேலை முடிந்தும் சிற்பம் முடியவில்லை. கடிவாளம், வாள், ஈட்டி, மாலை போன்றவை வெண்கலத்தில் செய்து பொருத்தப்பட்டன. குதிரைகளின் வாயருகே இன்று வெறும் துளைகளாகத் தெரிபவை கடிவாளம் மாட்டிய இடங்கள். பொருத்தும் துளைகளைத் தரையிலேயே இட்டுவிடலாம். நீண்டு மெலிந்த உலோகத்தை மேலே ஏற்றியபின் மாட்டுவதே பாதுகாப்பு.

பிறகு வண்ணம். ஒலிம்பியா மெட்டோப்புகளில் தொன்ம வீரன் ஹெராக்ளீஸின் தலைமயிர் சுருள்கள் இல்லாமல் வழவழப்பாக விடப்பட்டுள்ளது. மயிரைக் காட்டும் பொறுப்பை உளி தூரிகையிடம் ஒப்படைத்துவிட்டது. எரெக்தியோன் கணக்கில், உத்தரத்தின் அலங்கார விளிம்புக்கு மெழுகு கலந்த வண்ணம் சூடேற்றித் தீட்டியவருக்கு ஓர் அடிக்கு 5 ஒபோல் கூலி. 6 ஒபோல் சேர்ந்தது 1 டிராக்மா. பொன் தகடு வாங்கிய செலவும் அங்கே உள்ளது. செம்பும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துச் சூளையில் செய்யும் எகிப்திய நீலம் பார்த்தினன் சிற்பங்களிலும் உண்டு. இந்த நிறமியின் மேல் செந்நிற ஒளியைப் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வெளிவிடும். இந்த முறையால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜியோவன்னி வெர்ரி, மேற்கு முகப்பின் தூதுத் தெய்வம் இரிஸ் சிலையின் இடைக்கச்சையில் அதன் எச்சத்தைக் கண்டார்.

தடயங்களை எங்கே காணலாம்

ஏதென்ஸில் 2009-இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், சிற்பப்பட்டை கோயிலின் அதே அளவிலும் திசையிலும் அமைக்கப்பட்டுள்ளது. லண்டனில் உள்ள பகுதிகளுக்குப் பதிலாக அவற்றின் வார்ப்புப் படிகள் நிற்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் முகப்புச் சிலைகளைச் சுற்றி நடந்து முதுகுகளைப் பாருங்கள். செலீனியின் குதிரைத் தலையின் தாடைக்குக் கீழே குனிந்து பாருங்கள். மியூனிக் நகரின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் ஈஜினா சிலைகள் உள்ளன. அவற்றில் ஆயுதங்களும் ஆபரணங்களும் மாட்டிய துளைகளைத் தேடுங்கள். ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் முகப்புச் சிலைகளுக்குப் பக்கவாட்டில் நின்றால், முன்னே மெருகேறிய உடலும் பின்னே கூர்முனையுளியின் முரட்டுத் தழும்புகளும் ஒரே பார்வையில் கிடைக்கும்.